இரவல் சங்கிலியும் ஒரு நாள் பேரும்

ஹட்டன் பஜாரில் ஒரு புடவைக்கடையின் மேல்மாடியில் எங்கள் அறக்கட்டளையின் அலுவலகம் இருக்கிறது. அலுவலகம் என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். ஒரு மேசை, இரண்டு நாற்காலி, மழை பெய்தால் ஒழுகும் ஒரு மூலை, அந்த மூலைக்கென்று ஒரு வாளி. கீழே கடையில் பாட்டைப் போட்டுவிட்டால் மேலே எனக்குப் போன் பேச முடியாது. பள்ளிக்கூட வேலையை விட்ட பிறகு இங்கே வந்து சேர்ந்தேன். எனக்குக் கொடுத்த பொறுப்பு அறக்கட்டளையின் பேஸ்புக் பக்கம். உதவி வேண்டியவர்களைப் போய்ப் பார்க்க வேண்டும், படம் எடுக்க வேண்டும், நாலு வரி எழுதிப் போட வேண்டும். கொடுக்கக் கூடியவர்களின் கண்ணில் அது பட வேண்டும். சொல்வதற்குச் சுலபமாகத்தான் இருக்கிறது.

எங்கள் தலைவர் கொழும்பில் இருக்கிறார். வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அவரும் தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவர்தான். நல்ல மனிதர், அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. ஆனால் ஒரு தடவை ஏதோ பெரிய ஹோட்டலில் நடந்த பயிலரங்குக்குப் போய்விட்டு வந்தார். சமூக ஊடகத்தில் கொடையாளர்களை எப்படிப் பிடிப்பது என்று அங்கே சொல்லிக் கொடுத்தார்களாம். அன்றைக்குப் பிடித்தது எனக்குத் தலைவலி.

"டீச்சரம்மா, ஒரு படத்துல ஒரு முகம்தான் இருக்கணும். கண்ணு நேரா நம்மளப் பாக்கணும். கண்ணுல தண்ணி நின்னா இன்னும் நல்லது. சிரிக்கிற படத்துக்கு லைக் விழும், காசு விழாதாம்."

"அழுகைய நான் எங்க போயி வாங்குறதுங்க ஐயா? பஜார்ல விக்கிறாங்களா?" என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, "கோவிச்சுக்காதீங்க, சொன்னதத்தான் சொல்றேன்" என்றார். அவரிடம் எனக்குப் பிடித்ததே அதுதான், என் வாய்க்கு அவர் கோபித்துக்கொள்வதில்லை.

அந்தச் சமயத்தில்தான் அந்தப் பெண்ணின் விஷயம் எங்களிடம் வந்தது. ஹட்டனிலிருந்து பஸ்ஸில் போய், இறங்கி, தேயிலைக்கு நடுவே கொஞ்சம் மேலே ஏற வேண்டிய தோட்டம். அவள் கொழுந்து பறிக்கிறவள். ஒரு லீவு நாளில் விறகுக்குப் போன இடத்தில், மழையில் ஊறிய கல்கட்டு சரிந்து காலில் விழுந்துவிட்டது. முழங்காலுக்குக் கீழே எடுக்கும்படி ஆயிற்று. கணவன் இல்லை, இறந்து சில வருஷமாகிறது. ஒரே மகள். சாதாரணதரப் பரீட்சையில் நன்றாகச் செய்து, உயர்தர வகுப்புக்கு ஹட்டனில் இடம் கிடைத்திருந்த பிள்ளை.

தோட்டத்தில் வீடு என்பது வேலையோடு கட்டிப்போட்ட வீடு. அவர்கள் இருக்கும் ஒற்றை அறைக் காம்பராவில் இருந்து யாராவது ஒருவர் காலையில் பெரட்டுக்கு, வேலைக்கு ஆள் கணக்கெடுக்கிற களத்துக்கு, போய்ப் பேர் கொடுக்க வேண்டும். பேர் விழுந்தால்தான் அந்த நாளின் கூலி. தோட்டத்தை நடத்தும் தொரை கெட்டவர் இல்லை. "தீபாவளி வரைக்கும் நான் ஒண்ணும் கேட்க மாட்டேன், அதுக்குப் பிறகு அம்மாவோ மகளோ ஒரு ஆள் வந்தாகணும்" என்று சொல்லியிருந்தார். அம்மா நடந்து வந்தால் சரிவில்லாத ரோட்டோரத்துத் தேயிலை மலையில் வேலை தருவதாகவும் சொல்லியிருந்தார். இலவசமாகக் கிடைக்கும் செயற்கைக் கால் ஒன்று இருந்தது, அதற்குக் காத்திருப்பவர்கள் ஏராளம். அது சமதரைக்கு நல்ல கால். எங்கள் பக்கத்தில் சமதரை என்றால் பள்ளிக்கூட மைதானம் ஒன்றுதான். மலையில் ஏறி இறங்கத் தோதான காலைக் கண்டியில் அளவெடுத்துச் செய்வார்கள், ஆனால் அதற்குப் பணம் வேண்டும். கால் வந்தால் தாய் மலைக்குப் போவாள், மகள் பள்ளிக்கூடம் போவாள். வராவிட்டால் மகள் கூடையைத் தூக்குவாள். இவ்வளவுதான் கதை, இதில் நீட்டி முழக்க ஒன்றும் இல்லை.

முதல் தடவை போனபோது கூடை சுவரில் ஆணியில் தொங்கியது. அவள் அதைக் காட்டி, "பொண்ணு கை எட்டாத ஒசரத்துல மாட்டி வச்சிருக்கேன் டீச்சர்" என்றாள். விளையாட்டாகச் சொன்ன மாதிரிதான் இருந்தது.

"ஞாயித்துக்கெழம வந்து படம் எடுக்கிறேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன். அப்படி முன்கூட்டிச் சொன்னால் எங்கள் லயங்களில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாதா, தெரியும். இப்போது எல்லார் கையிலும் போன் இருக்கிறது, நினைத்தபோது படம் எடுக்கிறார்கள். ஆனாலும் வெளியாட்கள் பார்க்கப் போகிற படம் என்றால் சட்டம் வேறு. சடங்கு வீட்டுக்கு இருக்கிற சட்டம்தான் அதற்கும். லயத்தில் யாரிடம் எது நல்லதாக இருக்கிறதோ அது அன்றைக்குப் படத்தில் நிற்பவளுக்குச் சொந்தம். என் சடங்குப் படத்தை இன்னும் வைத்திருக்கிறேன். அதில் நான் கட்டியிருக்கும் பட்டு மூன்றாவது காம்பராவுடையது. காதில் தொங்குவது மேல்லயத்து அக்காவுடையது. என்னுடையது என்று அந்தப் படத்தில் இருப்பது மூஞ்சி மட்டும்தான்.

ஞாயிற்றுக்கிழமை போனபோது அவளை எனக்கே அடையாளம் தெரியவில்லை. மாம்பழ மஞ்சளில் பட்டுச்சேலை. தலையில் பூ. கழுத்தில் பக்கத்துக் காம்பரா அக்காவின் தங்கச் சங்கிலி, அந்த அக்காவின் தங்கை குவைத்தில் வீட்டு வேலை செய்து அனுப்பியது. அவளுடைய காம்பரா இருட்டு என்பதால் பக்கத்துக் காம்பராவில் நாற்காலி போட்டிருந்தார்கள். அங்கே பச்சை நிறத்தில் புதிதாகப் பெயின்ட் அடித்திருந்தது, ஒரு பிரிட்ஜும் இருந்தது. பிரிட்ஜின் மேல் பிளாஸ்டிக் ரோஜா. மகள் தாயின் சேலை மடிப்பைச் சரிசெய்துகொண்டே இருந்தாள். இல்லாத காலை மறைக்கிற மாதிரி சேலையை விரித்து விட்டிருந்தார்கள். நான்தான் கொஞ்சம் ஒதுக்கச் சொன்னேன்.

"சிரிக்கலாமா டீச்சர்?" என்று கேட்டாள்.

"ஒனக்குச் சிரிப்பு வந்தா சிரி" என்றேன். சிரித்தாள். எடுத்தேன். இன்றைக்கும் சொல்கிறேன், அது நல்ல படம். அவளுக்கு என்ன தேவை என்பதைக் கீழே தெளிவாக எழுதி, படத்தை அப்படியே போட்டேன்.

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதையாக ஆயிற்று. எங்கள் பக்கத்தில் அதுவரைக்கும் எந்தப் படத்தையும் அவ்வளவு பேர் பார்த்ததில்லை. பார்த்தவர்கள் எல்லாரும் சங்கிலியைத்தான் பார்த்தார்கள்.

"கழுத்துல கெடக்கிறத வித்தாலே ரெண்டு கால் வாங்கலாமே" என்று ஒருவன் ஆரம்பித்து வைத்தான். அதற்குக் கீழே சிரிப்பு முகங்கள் வரிசையாக. "பின்னால பிரிட்ஜ் நிக்குது, இவங்களுக்கா உதவி?" "நம்மகிட்ட இல்லாத பட்டு." "அறக்கட்டளைக்காரங்க நல்லாச் சாப்பிடுறாங்க." நான் அன்றைக்கு மத்தியானம் சாப்பிட்டது வெறும் பாணும் சம்பலும். அதையும் படம் எடுத்துப் போடலாமா என்று யோசித்தேன். பொறுத்துக்கொண்டு, எல்லாம் இரவல் என்று விளக்கி எழுதினேன். "அப்ப இரவல் வாங்கி நடிக்கிறாங்களா?" என்று அதற்கும் ஒரு பதில் வந்தது. ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது என்பார்கள். பேஸ்புக்கில் இருப்பது ஒரு ஊரின் வாய் மட்டுமா?

தலைவர் போனில் கூப்பிட்டார். குரலில் வருத்தம் இருந்தது. "படத்தப் பேஸ்புக்குலருந்து எடுத்துருங்க டீச்சரம்மா. இன்னொரு தடவ போயி, சாதாரண உடுப்புல, அவங்க சொந்தக் காம்பராவுல எடுங்க. நம்மளுக்கு அந்தப் பிள்ளைட படிப்புத்தானே முக்கியம்? ரோசம் பாத்துக்கிட்டு நின்னா தீபாவளி வந்துரும்."

அவர் சொன்னதில் தப்பில்லை, அதுதான் எனக்கு ஆத்திரமாக வந்தது.

போனேன். நான் போவதற்கு முன்னாலேயே செய்தி போய்ச் சேர்ந்திருந்தது. மகள் எல்லாவற்றையும் வாசித்துக் காட்டியிருக்கிறாள். தாய் பழைய சேலையில், வெறுங்கழுத்தோடு, தன் காம்பரா வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஊன்றுகோல். என்னைக் கண்டதும், "எடுங்க டீச்சர். அழணுமா?" என்று கேட்டாள்.

அவள் முகத்தைச் சுருக்கினாள், கண்ணை இறுக்கி மூடினாள், மூக்கை உறிஞ்சினாள். கண்ணீர் வருவேனா என்றது. ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். அவ்வளவுதான், அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, எனக்கும் வந்துவிட்டது. அப்படிச் சிரித்துக்கொண்டிருக்கும்போதே நிஜமாக அழுதாள். அதை நான் எடுக்கவில்லை. எடுத்திருந்தால் தலைவரின் பயிலரங்குக்காரர்கள் கொண்டாடியிருப்பார்கள்.

"ஏன் டீச்சர், நான் என்ன தப்பு செஞ்சேன்?" என்றாள். "நாலு நல்ல மனுசங்க என்னையப் பாக்கப் போறாங்கன்னுதானே உடுத்தினேன்?"

பக்கத்துக் காம்பரா அக்கா கதவில் சாய்ந்து நின்றார். வயதில் எனக்குச் சமமாக இருக்கும், குரல் மட்டும் பெரட்டுக்களம் முழுக்கக் கேட்கும். "எவன்டா அவன், சங்கிலிய விக்கச் சொன்னவன்? என் சங்கிலிய விக்கச் சொல்ல அவன் யாரு? டீச்சர், அவன் நம்பரக் குடுங்க!" என்று நின்றார். நம்பர் கிடையாது, அப்படியெல்லாம் எடுக்க முடியாது என்று சமாதானப்படுத்தப் பட்டபாடு எனக்குத்தான் தெரியும். கொஞ்சம் ஆறிய பிறகு அவரே சொன்னார், "சரி, பேஸ்புக்கு கெடக்கட்டும். கண்டிக்குப் போயி அளவெடுக்க வான் காசாவது நம்ம சேத்துருவோம். வார ஞாயித்துக்கெழம கைக்காசு இருக்குதானே."

கைக்காசு என்றால், லீவு நாளில் பறிக்கிற கொழுந்துக்கு நிறுத்த கையோடு கிடைக்கிற காசு. அந்த ஞாயிற்றுக்கிழமை லயத்துப் பெண்கள் எல்லாரும் தங்கள் கொழுந்தை அவள் பேரில் போடுவது என்று முடிவாயிற்று. யாருக்கும் அதில் பெரிய யோசனை ஒன்றும் இருக்கவில்லை. அங்கே செத்த வீட்டுக்கும் நோய் நொடிக்கும் இப்படி நடப்பது உண்டு. நான் படம் எடுக்கிற எண்ணத்தில் போகவில்லை. மனசு கேட்காமல் போனேன்.

கொழுந்து நிறுக்கிற மடுவம் ரோட்டோரத்தில் இருக்கிறது, தகரக் கூரை, நாலு தூண். பெண்கள் முதுகில் கூடையோடு வரிசையாக வந்து நின்றார்கள். முதலாவதாக நின்ற பக்கத்துக் காம்பரா அக்காவிடம் கணக்கப்பிள்ளை வழக்கம்போலக் கேட்டார்.

"பேரு?"

அக்கா தன் பேரைச் சொல்லாமல் அவளுடைய பேரைச் சொன்னார்.

கணக்கப்பிள்ளை நிமிர்ந்தார். "அந்தப் புள்ள மலைக்கே வரலியே. வராத ஆளுக்கு எப்படிக்கா பேர் போடுறது? ஆபீஸ்ல கேட்டா நான் என்ன சொல்றது?"

"ஆள் வந்தா போடுவீங்களாய்யா?"

"வந்தா போடலாம்."

கேட்டதுதான் தாமதம், இரண்டு ஆண்கள் லயத்துக்கு ஓடினார்கள். கொஞ்ச நேரத்தில் ஒரு சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலியில் அவளை உட்கார வைத்து, ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அவள் வழி நெடுக "எறக்கி விடுங்கண்ணே, விழுந்துருவேன், மானம் போகுது" என்று கத்திக்கொண்டு வந்தாள். மடுவத்தில், தராசுக்குப் பக்கத்தில் நாற்காலியை வைத்தார்கள். அவள் மடியில் சாக்கின் வாயை விரித்துப் பிடிக்கக் கொடுத்தார்கள். அப்போதுதான் நான் போனை எடுத்தேன்.

ஒவ்வொருத்தியாக வந்தார்கள். கணக்கப்பிள்ளை "பேரு?" என்பார். வந்தவள் நாற்காலியில் இருப்பவளின் பேரைச் சொல்வாள். கொழுந்தைச் சாக்கில் கொட்டுவாள். அடுத்தவள் வருவாள். "பேரு?" மறுபடியும் அதே பேர். நாற்காலியில் அவள் தலை குனிந்திருந்தாள். பாவம், எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. நாலைந்து பேர் போன பிறகு ஒரு இளம் பெண் கூடையைக் கவிழ்த்தாள். இவள் சாக்குக்குள் கையை விட்டு ஒரு பிடியை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள்.

"என்னடி இது, எல்லாம் முத்தின இல! என் பேருல போடுறதுன்னா நல்ல கொழுந்தாப் போடு. என் பேரக் கெடுக்க வந்தியா?"

மடுவமே சிரித்தது. திட்டு வாங்கிய பெண்தான் எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தாள். அதற்குப் பிறகு திட்டியவளுக்குக் கூச்சம் போய்விட்டது, கூடை கூடையாகச் சோதனை போட ஆரம்பித்துவிட்டாள். கடைசியில் கணக்கப்பிள்ளை பேனாவைச் சட்டைப் பையில் குத்திவிட்டுப் பக்கத்திலிருந்த தேயிலைக்குப் போனார். ஒரு பிடி கிள்ளிக்கொண்டு வந்து அவள் சாக்கில் போட்டார். அதுவும் முத்தின இலைதான். அவரை மட்டும் அவள் ஒன்றும் சொல்லவில்லை.

வீடியோவைத் தலைவருக்கு அனுப்பினேன். அவர் பார்த்துவிட்டுப் பிறகு கூப்பிட்டார்.

"சோகமே இல்லையேம்மா. இதப் பாத்து யாரு காசு போடுவாங்க?"

"யாரும் போடலன்னா போகட்டுங்க. இனி நான் அழுகப் படம் எடுக்கப் போறதில்ல."

"எங்கம்மாவும் இப்படித்தான், கொழுந்து சரியில்லன்னா கூட நிக்கிறவங்களத் திட்டும்" என்றார். குரல் மாறியிருந்தது. "போடுங்க. பாட்டு கீட்டுச் சேக்காமப் போடுங்க."

போட்டேன். எங்கே கணக்கப்பிள்ளை "பேரு?" என்று கேட்கிறாரோ அங்கே ஆரம்பிக்கும்படி வெட்டினேன், நான் செய்த கெட்டிக்காரத்தனம் அதுதான். கீழே அவளுக்கு என்ன வேண்டும், எதற்கு வேண்டும், தீபாவளிக்குள் ஏன் வேண்டும் என்று எழுதினேன்.

முதலில் வந்த பதிலை நான் மறக்க மாட்டேன். கொழும்பில் இரும்புக் கடையில் நிற்கிற ஒரு தோட்டத்துப் பையன் எழுதியிருந்தான்: "என் ஒரு நாள் பேர அந்த அக்கா பேருல போடுங்க." அதற்குக் கீழே குவைத்திலிருந்து ஒரு பெண்: "என்னோட ஒரு நாளும்." நானுஓயாவில் வான் ஓட்டுகிறவர் ஒரு நாள். வலப்பனையில் ஒரு டீச்சர் ஒரு நாள். தையல் கடை, பேக்கரி, சலூன். ஒரு பெண் எழுதியிருந்தாள்: "எனக்கு இந்த மாசம் அரைப்பேர்தான் முடியும், பரவாயில்லையா?" அரைப்பேர் என்றால் தோட்டத்தில் பாதி நாள் சம்பளம். அதை வாசித்தபோது புடவைக்கடையின் பாட்டுச் சத்தத்துக்கு நடுவே உட்கார்ந்து நான் அழுதேன். மடுவத்தில் அன்றைக்கு வீடியோவின் ஓரத்தில் நின்ற கொழுந்து லொறிக்காரர் சிங்களத்தில் எழுதியிருந்தார், என்னுடைய ஒரு நாளையும் போடுங்கள் என்று.

நாங்கள் அதுவரைக்கும் தேடித் திரிந்த கொடையாளர்கள் கொழும்பு ஏழின் பங்களாக்களிலும் கனடாவிலும் இருப்பதாகத்தான் நினைத்திருந்தோம். அங்கேயிருந்தும் சிலர் அனுப்பினார்கள், நன்றி. ஆனால் காலை வாங்கிக் கொடுத்தவர்கள் பெரும்பாலும் தாங்களே ஒரு நாள் கூலிக்கு நிற்கிறவர்கள். அவர்களைப் பரிதாபப்பட வைக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை, அந்த வரிசையில் தாங்களும் வந்து நிற்கத்தான் அவர்களுக்கு ஒரு இடம் தேவைப்பட்டது. இதைத் தலைவரிடம் சொன்னபோது, "அடுத்த பயிலரங்குல நீங்கதான் பேசணும்" என்றார். பேசுவதற்கு ஒன்றும் இல்லை. அடுத்து வேறொரு தோட்டத்து விஷயத்துக்கு இதே மாதிரி ஒரு வீடியோ எடுத்துப் போட்டோம், சீந்துவாரில்லை. இந்த வித்தை எப்போது பலிக்கும் என்று எனக்கு இன்னும் தெரியாது.

கண்டியில் கால் தயாராகி, போட்டு, கழற்றி, புண்ணாகி, ஆறி, மறுபடியும் போட்டு, லயத்து வாசலில் நடந்து பழகியது எல்லாம் ஒரு பெரிய பாடு. பக்கத்துக் காம்பரா அக்கா பின்னாலேயே நடந்து, விழப் போனால் சேலையைப் பிடித்து இழுப்பார். தீபாவளிக்குப் பிறகு பெரட்டு தொடங்குகிற அன்றைக்கு நான் விடியக்காலை பஸ்ஸில் போனேன். காசு கொடுத்தவர்களுக்கு ஒரு படம் காட்ட வேண்டுமல்லவா?

அவள் வேலை உடுப்பில் இருந்தாள். தலையில் துணி, பழைய சட்டை, இடுப்பில் மழைக்குக் கட்டுகிற படங்கு. அதற்கு மேலே, கழுத்தில் அதே குவைத் சங்கிலி.

"ஏம்மா, மறுபடியும் இதையா? பழையபடி திட்டுவாங்களே" என்றேன்.

"திட்டட்டும் டீச்சர். காசு குடுத்தவங்க எல்லாம் வந்து பாக்கப் போறாங்க. அவங்க முன்னாடி வெறுங்கழுத்தோடவா நிக்கிறது? அவங்களுக்கு என்ன மரியாத?"

அப்போதுதான் எனக்கே முழுதாக விளங்கியது. எங்கள் பக்கத்தில் விருந்தாளி வந்தால் இருக்கிற நல்ல கோப்பையை எடுப்போம், இல்லாவிட்டால் பக்கத்தில் வாங்குவோம். அவளுக்கு அந்தப் படத்தைப் பார்ப்பவர்கள் எல்லாரும் வீட்டு வாசலுக்கு வந்தவர்கள். இரண்டு காலில் நின்றாள், சிரித்தாள். எடுத்தேன்.

மத்தியானம் அந்தப் படத்தைப் போட்டதும், சங்கிலியை விற்கச் சொன்ன அதே ஆள் வந்து சேர்ந்தான். "சங்கிலி இன்னும் இருக்குப் போல" என்று எழுதினான். நான் பதில் எழுதினேன்: "இருக்கு தம்பி. இன்னைக்கும் இரவல்தான். உங்க வீட்டுல யாருக்காவது போட்டோ எடுக்கணும்னா சொல்லுங்க, கேட்டு வாங்கித் தர்றேன்." அக்காவிடம் இதைப் போனில் வாசித்துக் காட்டினேன். "நெசமா வந்து கேட்டா என்ன டீச்சர் செய்றது?" என்றார் கவலையாக. பிறகு அவரே, "கேட்டா குடுக்கத்தானே வேணும்" என்றார்.

படம் எடுத்த பிறகு அங்கே நடந்த ஒன்றை நான் எந்தப் பக்கத்திலும் போடவில்லை.

சங்கிலியைக் கழற்றி அக்காவிடம் கொடுத்துவிட்டு, அவள் ஆணியிலிருந்த கூடையை எடுத்தாள். முதுகில் போட்டு, கயிற்றைத் தலையில் மாட்டினாள். கூடை இடுப்புக்கு இறங்கவில்லை, தோளோடு ஏறி நின்றது. அசைத்துப் பார்த்தாள். இறக்கி, கயிற்றைக் கையில் எடுத்துப் பார்த்தாள். கயிறு ஒரு சாண் அளவுக்கு மடித்து, இன்னொரு முடிச்சுப் போட்டிருந்தது.

"இத யாரு சுருக்கினது?"

மகள் வாசலில் நின்றாள். வெள்ளை யூனிபோர்ம், இரட்டைப் பின்னல், தோளில் புத்தகப் பை. தாயைவிடக் கட்டையான பிள்ளை. அவள் தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அக்காதான் மெதுவாகச் சொன்னார். "மழ மாசத்துலேயே அதுவா வந்து கேட்டுச்சு, எப்படிக் கட்டுறதுன்னு. பெரியம்மான்னு கூப்பிட்டுக் கேக்குது, நான்தான் கட்டிக் குடுத்தேன். கால் வரும்னு அப்ப யாருக்குத் தெரியும்?"

அத்தனை மாதமும், நாங்கள் படம் எடுத்ததும் திட்டு வாங்கியதும் வீடியோ போட்டதும் நடந்துகொண்டிருந்தபோது, அந்தப் பிள்ளை தாய்க்குத் தெரியாமல் கூடைக் கயிற்றைத் தன் உயரத்துக்கு அளவெடுத்து வைத்திருக்கிறாள். ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. ஆணி உயரமாகத்தான் இருந்தது, நாற்காலி போட்டு ஏறியிருக்க வேண்டும்.

தாய் நாற்காலியில் உட்கார்ந்து முடிச்சை அவிழ்க்கப் பார்த்தாள். ஈரத்தில் இறுகிப்போயிருந்தது. பல்லால் கடித்து இழுத்தாள். மகள் பையை இறக்கி வைத்துவிட்டு, குனிந்து கயிற்றைப் பிடிக்க வந்தாள். தாய் அவள் கையைப் பட்டென்று தட்டிவிட்டாள்.

"ஒன் கை இதுல படக் கூடாது. பஸ் வந்துரும், ஓடு."

அவள் பையை எடுத்துக்கொண்டு ஓடினாள். முடிச்சு அவிழும் வரைக்கும் அக்கா கூடையைப் பிடித்துக்கொண்டு நின்றார், நான் போனைப் பைக்குள் வைத்துவிட்டேன்.